செவில் நகரில் ஒரு மாட்டு டாக்டர்

ஜூன் 9, திங்கள்

வந்து சேர்ந்துவிட்டோம். கோயமுத்தூரில் கிளம்பி மாட்ரிட்டில் இறங்குவதற்குள் மூன்று விமானம் மாறி, அதற்குப் பிறகு ஒரு ரயில். வழியில் இருந்த எல்லா விமான நிலையங்களிலும் அதே சென்ட் கடை, அதே சாக்லேட் கடை. இதைப் பார்க்கத்தான் மக்கள் உலகம் சுற்றுகிறார்கள் போலும்.

இந்த ஸ்பெயின் ஊருக்குப் பெயர் செவில். அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்தி, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள் சொல்கிறேன். ஆனால் என் அக்கா வசந்தாமணி "செவிய்யா" என்கிறாள். நாக்கை எங்கேயோ மடித்து, உதட்டை எங்கேயோ இழுத்து, செவிய்யா. மூளைக்குப் பயிற்சி வேண்டும் என்று இரண்டு வருடமாக ஆர்.எஸ். புரத்தில் ஸ்பானிஷ் வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். குறுக்கெழுத்துப் போட்டால் ஆகாதா என்று அப்போதே கேட்டேன். ஆகாதாம்.

அக்காவுக்கு அறுபத்துமூன்று வயது. மாமா தவறிய பிறகு வடவள்ளியில் என் வீட்டுக்கு வந்தாள். அவள் பையன் நவநீதன் டல்லாஸில் இருக்கிறான். எனக்குக் குடும்பம் இல்லை. கல்யாணம் என்ற ஏற்பாட்டில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆக, வீட்டில் நாங்கள் இருவர். நான் பேசுவேன், அக்கா கேட்டுக்கொள்வாள். நல்ல ஏற்பாடு. பிறகு ஏன் இந்த ஊருக்கு வந்தோம் என்றால், அக்காவுக்கு ஆசை. வாழ்க்கையில் ஒரு ஆசையும் சொல்லாதவள் திடீரென்று சொன்னால் தட்ட முடியுமா?

ஸ்டேஷனில் டாக்ஸிக்காரரிடம் அக்கா ஸ்பானிஷில் நீளமாக ஏதோ கேட்டாள். அந்த மனிதர் முழுவதையும் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "யெஸ் மேடம், கெட் இன்" என்றார்.

வீடு ஆற்றுக்கு இந்தப் பக்கம், திரியானா என்ற பேட்டையில். மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. "பழமையான கட்டடம், அதுதான் அழகு அம்மிணி" என்றாள் அக்கா. பெட்டியைத் தூக்கியது நான்.

ஜூன் 10, செவ்வாய்

பேராலயம். உலகத்திலேயே பெரிய கோதிக் தேவாலயமாம். முதலில் இங்கே மசூதி இருந்தது. அதை இடித்துவிட்டு, "இதைப் பார்ப்பவர்கள் நம்மைப் பைத்தியம் என்று நினைக்க வேண்டும், அவ்வளவு பெரிதாகக் கட்டுவோம்" என்று தீர்மானம் போட்டுக் கட்டினார்களாம். எண்ணம் நிறைவேறிவிட்டது.

உள்ளே கொலம்பஸின் கல்லறை. நான்கு ராஜாக்கள் சவப்பெட்டியைத் தோளில் தூக்கி நிற்கிறார்கள். இந்தியாவைத் தேடிப் புறப்பட்டு வேறெங்கோ போய்ச் சேர்ந்தவருக்கு இந்த மரியாதை. இந்தியாவிலிருந்து கிளம்பி நேராக அவரிடமே வந்து நின்ற எனக்கு ஒரு நாற்காலிகூட இல்லை.

அங்கேதான் ஓர் அதிசயம். தூணுக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டை, கழுத்தில் துண்டு, உயரமான ஓர் ஆள். "அடடே, வாங்க வாங்க" என்று கோயமுத்தூர்த் தமிழ்.

"இவரு டாக்டர் வெள்ளிங்கிரி. என்ற ஸ்பானிஷ் வகுப்புல இருக்கறாரு" என்றாள் அக்கா. "இங்க பாப்போம்னு நெனைக்கவே இல்ல."

"என்ன டாக்டர்?" என்று கேட்டேன். மூட்டுவலி பற்றி ஓர் ஆலோசனை கேட்கலாம் என்ற எண்ணம்.

"வெட்னரிங்க, டீச்சர். பொள்ளாச்சில கால்நடை ஆஸ்பத்திரில இருந்து ரிட்டயர் ஆயிட்டனுங்க."

மாட்டு டாக்டர். உலகம் சின்னது என்று சொல்வார்கள். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டு அளவுக்குத்தான் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

பேராலயத்தை ஒட்டிக் கிரால்டா என்ற கோபுரம். படிக்கட்டு கிடையாது, சரிவுப் பாதைதான். பாங்கு சொல்பவர் குதிரையில் ஏறிப் போவதற்காக அப்படிக் கட்டினார்களாம். எனக்கு முழங்கால் சரியில்லை, குதிரையும் இல்லை. ஆரஞ்சு மரங்கள் இருக்கும் முற்றத்தில் உட்கார்ந்துகொண்டேன். அக்காவும் டாக்டரும் ஏறினார்கள். இறங்கி வருவதற்குள் நான் பக்கத்தில் இருந்த ஜெர்மன்காரக் குடும்பத்தின் மூன்று தலைமுறையையும் பார்த்து முடித்துவிட்டேன். மேலே பார்ப்பதற்கு அவ்வளவு என்னதான் இருக்கிறதோ. கேட்டால், "காத்து நல்லா வந்துச்சு" என்றாள் அக்கா.

ஜூன் 11, புதன்

துணி துவைத்தேன். அக்கா நேற்று கட்டியிருந்த மயில்கழுத்து நிறப் புடவையைத் தனியாக ஊற வைத்தேன், சாயம் போகவில்லை. எப்போது வாங்கினாள் என்று தெரியவில்லை. மாமா போன பிறகு இவள் சாம்பலும் சந்தனமுமாகத்தான் கட்டிக்கொண்டிருந்தாள். இந்த ஊர் வெயிலுக்கு அடர்ந்த நிறம் நல்லதாம். எந்த அறிவியலில் அப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

அல்காசர் அரண்மனை. கோயமுத்தூர்க்காரிக்கு வெயிலைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க யாரும் வேண்டாம் என்று நினைத்திருந்தேன். செவில் சொல்லிக்கொடுத்துவிட்டது.

கிறிஸ்தவ ராஜா ஒருவர் முஸ்லிம் கைவினைஞர்களை வைத்துக் கட்டிய இடம். சுவரெல்லாம் பின்னல், கூரையெல்லாம் தங்கம். அந்த ராஜாவுக்குச் சிலர் "கொடூரர்" என்று பெயர் வைத்தார்கள், சிலர் "நீதிமான்" என்று பெயர் வைத்தார்கள். எந்தப் பள்ளியின் ஆசிரியர் அறையிலும் தலைமையாசிரியைக்கு நடப்பதுதான்.

நுழைவாயிலில் யார் நின்றது? மாட்டு டாக்டர். "நீங்களும் இன்னைக்குத்தானுங்களா?" என்று ஆச்சரியப்பட்டார். ஆச்சரியப்படுவதற்கு இவர் கொஞ்சம் பயிற்சி எடுத்துக்கொள்ளலாம்.

தோட்டத்தில் காவலாளியிடம் டாக்டர் ஸ்பானிஷில் எதையோ கேட்டார். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். நேற்று மாலை கடையில் அக்கா கேட்டபோதும் கடைக்காரர் இதே போலத்தான் சிரித்தார். காவலாளிப் பெண்தான் ஆங்கிலத்தில் விளக்கினாள்: "குளியலறை எங்கே" என்று கேட்க வேண்டிய இடத்தில் இருவரும் "நான் குளியலறையாக எங்கே இருக்கிறேன்" என்று கேட்டிருக்கிறார்கள். ஒரே தப்பை இருவரும் அதே அழுத்தத்தில், அதே இடத்தில் மூச்சுவிட்டுச் சொல்கிறார்கள். வகுப்பில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் பார்த்து எழுதும் பிள்ளைகளைப் பிடிப்பதற்கு நான் இந்த முறையைத்தான் வைத்திருந்தேன்.

அரண்மனைக்கு அடியில் ஒரு நீளமான மழைநீர்த் தொட்டி. வளைவு வளைவாகக் கூரை, இருட்டு, தண்ணீரில் விழும் நிழல். நான் முன்னால் போய்விட்டேன். அவர்கள் பின்னால் வந்தார்கள். அப்போது யாரோ மெதுவாக, "வசந்தா, பாத்து வா, வழுக்கும்" என்று சொன்னது கேட்டது.

அங்கே எதிரொலி அதிகம். யாரோ யாரையோ கூப்பிட்டிருப்பார்கள். இந்த ஊரில் வசந்தா என்ற பெயர் வைத்த பெண்கள் நிறையப் பேர் இருக்கலாம்.

ஜூன் 13, வெள்ளி

நாற்பத்திரண்டு டிகிரி. வெளியே போகவில்லை. அக்கா பால்கனியில் போனில் பேசினாள், ஸ்பானிஷில். பயிற்சியாம்.

ஜூன் 14, சனி

பிளாஸா தெ எஸ்பான்யா. தொண்ணூற்றுச் சொச்சம் வருடங்களுக்கு முன் ஒரு கண்காட்சிக்காகக் கட்டியது. அரைவட்டமாக ஒரு பெரிய கட்டடம், அதன் முன்னால் கால்வாய், அதன் மேல் பாலங்கள், சுவர் முழுக்க வண்ண ஓடுகள். ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒரு மாடம் கட்டிப் பெஞ்சு போட்டிருக்கிறார்கள். எல்லோரும் அவரவர் மாகாணத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். எங்களுக்கு மாகாணம் இல்லாததால் படகில் போகலாம் என்றாள் அக்கா.

டாக்டர் இன்று வரவில்லை. கவனித்தேன்.

அக்காவே துடுப்புப் போட்டாள். படகு நேராகப் போவதைத் தவிர மற்ற எல்லாம் செய்தது. கால்வாயின் நடுவுக்கு வந்ததும் துடுப்பை நிறுத்தினாள்.

"அம்மிணி, ஒன்னு சொல்லோணும். கோவிச்சுக்காத."

"படகோட்டத் தெரியாதுங்கறயா? அது தெரியுது."

"டாக்டர் இங்க தற்செயலா வரல."

"அப்படியா? நான் இந்த ஊர் மாட்டுக்கு ஊசி போட வந்தாருன்னு நெனச்சேன்."

அக்கா சிரிக்கவில்லை. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நாங்க கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கறோம்."

"யாரு?"

"அம்மிணி."

பக்கத்துப் படகில் ஒரு சீனப் பெண் கிட்டாருடன் வந்தவனைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். எங்கள் படகு மெதுவாகச் சுற்றியது. அக்கா ஏன் படகைத் தேர்ந்தெடுத்தாள் என்று அப்போதுதான் புரிந்தது. தரையில் சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பேன்.

"அவரு சம்சாரம் போயி பதினோரு வருசமாச்சு. ரெண்டு பொண்ணுங்களும் சரின்னுட்டாங்க. நவநீதனுக்கு இன்னைக்கு மெசேஜ் போட்டிருக்கேன். ஆனா உன்னக் கேக்காம ஒன்னும் பண்ண மாட்டேன். நீ சரின்னா பண்றேன். வேண்டாம்னா வேண்டாம். அவருகிட்டயும் அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கேன்."

"பொள்ளாச்சிக்குப் போயிருவயா?"

"அவரு தோட்டம் அங்கதான இருக்குது. கார்ல ஒரு மணி நேரந்தான். வாரத்துக்கு ரெண்டு தடவ வந்து போறேன்."

"அப்ப வீடு?"

"வீட்டுக்கென்ன? வீடு உன்னுது."

நான் கேட்டது வீட்டைப் பற்றி. மோட்டார் போடுவது யார், கேஸ் புக் பண்ணுவது யார், இப்படி நடைமுறை விஷயங்கள் இருக்கின்றன அல்லவா? வேறு ஒன்றுமில்லை.

தலைவலி என்று சொன்னேன். வெயில். கரைக்குக் கொண்டுபோகச் சொன்னேன். அதற்கு நெடுநேரம் ஆனது.

ஜூன் 15, ஞாயிறு

காலையிலிருந்து பேசவில்லை. ஏ.சி. காற்றில் தொண்டை கட்டிவிட்டது.

மதியம் நவநீதன் எனக்குப் போன் செய்தான். அங்கே விடிந்திருக்கவே முடியாது. அம்மாவின் செய்தி அவனைத் தூங்கவிடவில்லை.

"சித்தி, என்ன சித்தி இது? இந்த வயசுல அம்மாவுக்கு எதுக்கு இந்த வேலை? என்ற மாமனார் வீட்டுல நான் எப்படி மூஞ்சியக் காட்டறது?"

"உன்ற மூஞ்சிய அவங்க ஏற்கெனவே பாத்துத்தான பொண்ணு குடுத்தாங்க?"

"விளையாடாதீங்க சித்தி. நீங்க ஒரு வார்த்தை சொன்னா அம்மா கேப்பாங்க. உங்களுக்காகவும்தான் சொல்றேன். அம்மா போயிட்டா உங்களுக்குன்னு யாரு இருக்கறா? நாளைக்கு ஒரு காய்ச்சல்னு படுத்தா ஒரு வாய் கஞ்சி வெச்சுக் குடுக்க ஆள் வேண்டாமா?"

என்மேல் அவனுக்கு இருக்கும் அக்கறை இத்தனை வருடத்தில் இன்றுதான் முதன்முறையாக வெளிவந்தது. நெகிழ்ந்து போனேன்.

இருந்தாலும் அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அக்காவின் நன்மையை யோசித்துப் பார்த்தேன். வயது, ஊர்ப் பேச்சு, அவருடைய பெண்கள் நாளைக்கு மனம் மாறினால் என்ன ஆகும், தோட்டத்தில் பாம்பு. எல்லாவற்றையும் வரிசையாக மனதில் தயார் செய்துகொண்டேன். இரவுச் சாப்பாட்டுக்கு முன், வெளியே இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போது, அக்கா வெள்ளரிக்காய் சீவிக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம்க்கா" என்றேன்.

கத்தி ஒரு நொடி நின்றது. "சரி அம்மிணி."

அவ்வளவுதான். என் காரணங்களில் ஒன்றைக்கூட அவள் கேட்கவில்லை. பாம்பைப் பற்றிச் சொல்வதற்குள், "தயிர் இவ்வளவு போதுமா, இன்னும் ஊத்தட்டுமா?" என்று கேட்டாள்.

போதும் என்றேன்.

ஜூன் 16, திங்கள்

வெற்றி. அக்கா முழுக்க முழுக்க எனக்கே திரும்பக் கிடைத்துவிட்டாள். பிலாத்து மாளிகை என்ற இடத்துக்குப் போனோம். இயேசுவுக்கு மரண தண்டனை விதித்த பிலாத்துவின் வீடு எருசலேமில் இருந்த மாதிரியே இது இருக்கிறது என்று யாரோ நினைத்து வைத்த பெயராம். அந்த வீட்டை யாரும் பார்த்ததில்லை என்பது ஒரு பொருட்டே இல்லை.

ஓடு பதித்த சுவர்களைக் காட்டினேன். "நல்லாருக்கு" என்றாள். முற்றத்து நீரூற்றைக் காட்டினேன். "நல்லாருக்கு." ரோமானியத் தலைகளைக் காட்டினேன். மூக்கு உடைந்த ஒரு சக்கரவர்த்தியைக் காட்டி, "நம்ம பழைய கல்வி அதிகாரி மாதிரியே இருக்கறான்" என்றேன். "நல்லாருக்கு" என்றாள்.

அப்போதுதான் பார்த்தேன். முற்றத்தின் அந்தப் பக்கத்தில் டாக்டர். எங்களைப் பார்த்ததும் சட்டென்று ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். தூண் ஒல்லி. டாக்டர் ஒல்லி இல்லை. இரண்டு பக்கமும் வெள்ளைச் சட்டை தெரிந்தது. ஆறடி மனிதர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதை அவ்வளவு தூரத்திலிருந்தும் பார்க்க முடிந்தது.

அக்காவும் பார்த்துவிட்டாள். அவர் வெளியேறுவதற்கு வழி விடுவது போல, திரும்பிச் சுவரைப் பார்த்தபடி நின்றாள். அந்த ஓடுகளை அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள்.

பிறகு சாப்பிடப் போனோம். பரிமாறுபவர் அக்காவிடம் ஸ்பானிஷில் கேட்டார். அவள் புன்னகைத்துவிட்டு ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். தண்ணீர் கேட்டதும் ஆங்கிலத்தில், நன்றி சொன்னதும் ஆங்கிலத்தில். அந்தத் தப்பும் தவறுமான ஸ்பானிஷ் என் காதுக்கு எவ்வளவு தொந்தரவாக இருந்தது! நிம்மதியாகச் சாப்பிட்டேன். பாதிக்கு மேல் இறங்கவில்லை, சமையல் சரியில்லை.

ஜூன் 17, செவ்வாய்

அக்கா தூங்கட்டும் என்று நான் மட்டும் காலையில் திரியானா சந்தைக்குப் போனேன். தக்காளியும் பீச் பழமும் வாங்க வேண்டியிருந்தது. பழக்கடையைத் தாண்டினால் இறைச்சிக்கடை. கூரையிலிருந்து பன்றித் தொடைகள் வரிசையாகத் தொங்குகின்றன. அந்தத் தொடைகளுக்கு நடுவில் வெள்ளைச் சட்டை.

இந்த முறை நான் விடவில்லை.

"எதுக்குங்க ஒளியறீங்க?"

"ஒளியலீங்க டீச்சர். இதைப் பாத்துட்டிருந்தனுங்க."

"நீங்க சைவந்தானுங்களே?"

"ஆமாங்க" என்று ஒப்புக்கொண்டு வெளியே வந்தார். "உங்களுக்குச் சங்கடம் வேண்டாம்னு பாத்தனுங்க. ஊருக்குக் கெளம்பிரலாம்னா டிக்கெட் மாத்த முடியலீங்க. எங்க போனாலும் நீங்களும் அங்கயே வந்துர்றீங்க. வேற பக்கம் போலாம்னு இங்க வந்தா..."

நடந்தபடியே பேசலாம் என்று சொன்னேன். பாலத்தைத் தாண்டி ஆற்றங்கரையோடு தங்கக் கோபுரம் வரைக்கும் நடந்தோம். தங்கம் எதுவும் இல்லை, பெயர்தான். பன்னிரண்டு பக்கம் கொண்ட பழைய காவல் கோபுரம், எதிரிக் கப்பல்களைத் தடுக்க அங்கிருந்து ஆற்றின் குறுக்கே சங்கிலி கட்டினார்களாம். அதன் நிழலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். பள்ளியில் புதிதாக வேலைக்கு வருபவர்களிடம் பேசும் குரலில் ஆரம்பித்தேன்.

"குறட்டை விடுவீங்களா?"

"தெரியலீங்க. சொல்றதுக்கு ஆள் இல்லீங்க."

"தோட்டத்துல பாம்பு இருக்குதா?"

"இருக்குதுங்க. அது பாட்டுக்கு இருக்குதுங்க."

"அக்காகிட்ட என்ன பாத்தீங்க?"

ஆற்றில் ஒரு படகு போய் முடியும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"வகுப்புல முத நாளு, எதுக்கு ஸ்பானிஷ் படிக்கறீங்கன்னு ஒவ்வொருத்தரையா எழுப்பிக் கேட்டாங்க. எல்லாரும் சின்னப் பசங்க. வேலை, விசான்னு சொன்னாங்க. வசந்தா எந்திரிச்சு, 'என்ற தங்கச்சி ரொம்பக் கெட்டிக்காரி. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள நான் சொல்ல வந்ததையும் அவளே சொல்லிருவா. அவளுக்குத் தெரியாத பாஷைல நான் கொஞ்சம் பேசிப் பாக்கோணும்'னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கலீங்க. இவங்க பேசினா கேக்கலாமேன்னு தோணுச்சு."

நான் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவர் பதறிவிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். கொறையாச் சொல்லல. பெருமையாத்தான் சொன்னாங்க. நீங்க கேட்டீங்களேன்னு..."

"கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லோணும்னு இல்லீங்க" என்றேன்.

மாடுகளோடு பழகியவர். மாடுகள் கேள்வி கேட்பதில்லை, இவருக்குப் பொய் சொல்ல அவசியமே வந்திருக்காது.

ஆறு பச்சையாக இருந்தது. அக்கா என்னிடம் கடைசியாக ஒரு விஷயத்தை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை சொன்னது எப்போது என்று யோசித்தேன். படகில் சொன்னாள். அதற்கு முன்? நினைவுக்கு வரவில்லை. எனக்கு நினைவாற்றல் நன்றாக இருக்கும் என்று ஊரே சொல்லும்.

எழுந்தேன். "ரெண்டு மணிக்குச் சாப்பிட வாங்க. பருப்புப்பொடிச் சோறும் தக்காளி ரசமும்தான். மூணாவது மாடி, லிஃப்ட் இல்ல. முழங்கால் எப்படி?"

"நல்லாருக்குதுங்க" என்றார். நான் கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் அவருக்குப் புரிந்தது. திரும்பிப் பார்த்தேன், கழுத்துத் துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். வியர்வையாக இருக்கும்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"இன்னொரு டம்ளர் போடு" என்றேன். "மூணு பேர்."

"யாரு வர்றா?"

"குளியலறையா எங்க இருக்கேன்னு கேக்கற ஆளு."

அக்கா குழாயை மூடவில்லை. தண்ணீர் பாத்திரத்தில் நிரம்பி அரிசியோடு வழிந்துகொண்டே இருந்தது. நான்தான் போய் மூடினேன். என் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள். உயரத்தில் நான் அவளைவிடக் கொஞ்சம் குறைவு, வசதியாக இருந்திருக்காது. இருந்தாலும் நகரவில்லை.

வகுப்பில் அவள் சொன்னதைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள்.

சாப்பிடும்போது அக்கா பேசினாள். வகுப்பு, வாத்தியாரம்மா, ஒரு நாள் மழையில் இருவரும் பஸ் கிடைக்காமல் நின்றது, எல்லாம். நடுவில் இரண்டு மூன்று இடத்தில் அவள் வார்த்தைக்குத் தடுமாறினாள். வார்த்தை என் நாக்கு நுனியில் இருந்தது. ரசத்தைக் குடித்துக்கொண்டேன். இப்படி வாயை மூடிக்கொண்டிருப்பது உடம்புக்கு எவ்வளவு சிரமம் என்று யாரும் சொல்லவில்லை.

மாலையில் நவநீதனுக்கு நானே போன் போட்டேன்.

"உங்கம்மாவுக்கு ஆவணில கல்யாணம். பந்தியில உனக்கு எலை போட்டு வெக்கறோம். வரமாட்டேன்னா சொல்லிரு, வேற ஆளுக்குப் போடலாம்."

"சித்தி, நீங்களுமா? அப்ப உங்களுக்கு..."

"எனக்குக் கஞ்சி வெக்கத் தெரியும்டா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

உண்மையில் எனக்குக் கஞ்சி வைக்கத் தெரியாது. அக்காதான் வைப்பாள். ஆவணி வருவதற்குள் கற்றுக்கொள்ளலாம்.

ஜூன் 18, புதன்

கோர்தோபா என்ற ஊர் ரயிலில் பக்கம்தான். அங்கே தூண்களால் ஒரு காடு போலிருக்கும் பழைய மசூதியைப் பார்க்க அக்காவும் டாக்டரும் காலையில் கிளம்பினார்கள். "நீயும் வா அம்மிணி" என்று அக்கா கூப்பிட்டாள். "வாங்க டீச்சர், சும்மா வாங்க" என்று டாக்டரும் கூப்பிட்டார். இருவரும் மனதாரத்தான் கூப்பிட்டார்கள். எனக்குத் தூண்கள் போதும் என்று சொல்லிவிட்டேன். இவரால் ஒளிந்துகொள்ள முடிகிற தூண் அங்கேயும் இருக்காது.

வீட்டைப் பெருக்கினேன். பெட்டி கட்டினேன், நாளைக்குக் கிளம்ப வேண்டும். அதற்குப் பிறகு வேலை ஒன்றும் இல்லை. மணி பதினொன்றுதான் ஆகியிருந்தது.

பாலத்தைத் தாண்டி, மரத்தால் ராட்சதக் காளான்கள் மாதிரி கட்டி வைத்திருக்கிற இடத்துக்குப் போனேன். இந்த ஊரில் பழசாக இல்லாத ஒன்று இருக்கிறது என்பதே ஆறுதல். கீழே தோண்டும்போது ரோமானியர்களின் வீடுகள் அகப்பட்டனவாம், ஆகவே இங்கேயும் தப்பிக்க முடியாது. மேலே ஏறிச் சுற்றி வந்தேன். காற்று நன்றாகத்தான் வந்தது. யாரிடமோ சொல்வதற்காகத் திரும்பினேன். ஒரு இத்தாலியக் குழந்தை ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அதனிடம் சொன்னேன். தலையாட்டியது.

பசித்தது. சந்துக்குள் ஓர் உணவகம், வாசலில் நீல ஓடு. இத்தனை நாளும் நான் உள்ளே போனதும் உட்காருவேன், அக்கா பேசிக்கொள்வாள். இன்று வாசலிலேயே நின்றேன். கருப்பு ஏப்ரன் கட்டிய ஓர் ஆள் வந்து ஏதோ கேட்டார். எத்தனை பேர் என்றுதான் கேட்டிருப்பார். பழக்கத்தில் இரண்டு விரலைக் காட்டினேன்.

அவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். தெருவில் யாரும் இல்லை. வெயில் மட்டும் இருந்தது. மறுபடி என்னைப் பார்த்துக் காத்திருந்தார்.

ஒரு விரலை மடக்கினேன். அது அவ்வளவு எளிதாக மடங்கவில்லை. மூட்டுவலி கைக்கும் வந்துவிட்டது போலிருக்கிறது.

"ஊனோ" என்றேன். எனக்குத் தெரிந்த ஒரே ஸ்பானிஷ் எண்.

அந்த ஆள் சிரித்துவிட்டு என்னைத் திருத்தினார். "ஊனா, செஞ்யோரா. ஊனா."

கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு புரிந்தது. ஆணுக்கு ஊனோ, பெண்ணுக்கு ஊனா. ஒருவன், ஒருத்தி. இந்த மொழியிலும் ஒருத்திக்கென்று தனியாக ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்.

"ஊனா" என்று திருப்பிச் சொன்னேன். காலை அசெம்பிளியில் பேசிப் பழகிய தொண்டை. உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கரண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். ஏப்ரன்காரர் ஜன்னலோரம் ஒரு மேசையைக் காட்டினார். போய் உட்கார்ந்தேன்.